வேர் முடிச்சிலும் பாக்டீரியாதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாக்டீரியா என்றாலே நோய்க்கிருமி என்ற எண்ணம் பள்ளிப் பிள்ளைகளிடம் ஊறிப்போயிருப்பது வருத்தமளிக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் தொடங்கிவைத்த, பாக்டீரியாவுக்குச் சாயமேற்றும் முறையில், ஊதா நிறத்தைத் தக்கவைப்பவை கிராம் பாசிட்டிவ் என்றும், அதை இழப்பவை கிராம் நெகட்டிவ் என்றும் பிரிக்கப்படுகின்றன. இது செல்சுவரின் அமைப்பைக் காட்டுமே தவிர, நல்லது கெட்டதைச் சொல்லாது. காலராவை உண்டாக்கும் விப்ரியோவும், வேர் முடிச்சுக்குள் வாழ்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கும் ரைசோபியமும் கிராம் நெகட்டிவ் வகைதான். பூத்து நிற்கும் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே செக்கச்செவேலென்று இருக்கும். பாக்டீரியா அங்கே வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். தங்கள் மாணவர் பக்கத்தில் டைபாய்டு, காசநோய் பற்றி எழுதும்போது, இந்த முடிச்சின் படத்தையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
விழுப்புரம்.