தகரக் கூரைக்குக் கீழே கச்சான் காலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெயில் கூடினால் பத்திரிகையில் குடை பிடித்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படம் வரும். சரி, வரட்டும். கூரைக்குக் கீழே வேலை செய்கிறவர்களைப் பற்றியும் ஒருக்கால் எழுதுங்கள்.

திருகோணமலை நகருக்கு வெளியே ஒரு களஞ்சியசாலையில் மூட்டை ஏற்றி இறக்கும் பெடியன்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மேலே தகரம், சுவரில் இரண்டு காற்றாடி, அதில் ஒன்று ஓடாது. கச்சான் என்கிற வெக்கையான தென்மேல் காற்று தொடங்கிவிட்டால் காலை பத்து மணிக்கே இரும்புக் கதவில் கை வைக்க முடியாது. வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும் வெப்பநிலை காற்றோட்டமான இடத்தில், நிழலில் அளப்பது. எங்கள் கொட்டகைக்குள் யாரும் மானி கொண்டுவந்து பார்த்ததில்லை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெடியன், மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னர் தொடை பிடித்துக்கொண்டது என்று உட்கார்ந்தான், அப்புறம் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கி என்னை "மாமா, வள்ளத்தை இழுங்கோ" என்றான். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஒருவர் சிரித்தார். நான் கத்தாரில் எட்டு வருடம் இருந்தவன், எனக்கு விளங்கிவிட்டது. உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டிப் புத்தி தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக், வெறும் மயக்கமில்லை. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். பாரம் தூக்கிக்கொண்டிருந்தவனுக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும், இவனுக்கும் அப்படித்தான். சட்டையைக் கழற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மட்டையால் விசிறிக்கொண்டே ஓட்டோவில் கொண்டுபோனோம். வாயில் தண்ணீர் ஊற்றப் போனவரைத் தடுத்தேன், நினைவு தெளியாதவனுக்குப் புரையேறிவிடும். பிழைத்துவிட்டான், ஆனால் வேலைக்குத் திரும்பவில்லை. உடம்பு வெக்கைக்குப் பழகவே ஒன்று இரண்டு கிழமை எடுக்கும், நாங்களோ முதல் நாளே முழுப் பாரம் கொடுக்கிறோம். அதில் என் பிழையும் இருக்கிறது.

விழுந்தவனைக் கண்ணால் காண்கிறோம். சிறுநீரகம் கெடுவது தெரிவதில்லை. எல் சல்வடோர், நிகரகுவா போன்ற நாடுகளில் கரும்பு வெட்டும் இளம் ஆட்கள், சீனி வருத்தமும் பிரசரும் இல்லாமலே, சிறுநீரகம் பழுதாகிச் செத்திருக்கிறார்கள். நாளாந்தம் வெக்கையில் கடும் வேலை செய்து உடம்பு வற்றுவதை ஆய்வாளர்கள் முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள். இங்கே கழிப்பறை தூரம் என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள், பின்னேரம் உடம்பு உளைவுக்கு டைக்ளோபெனக் போடுகிறார்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் அந்தக் குளிசை நேரே சிறுநீரகத்தில்தான் கை வைக்கும். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால்கூட 'சூடு' என்று சொல்லி ஒரு சோடாவோடு விட்டுவிடுகிறார்கள்.

கத்தாரில் 2021 இல் வந்த சட்டப்படி ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை வெளிவேலை கிடையாது. சூடு, ஈரப்பதன், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் கருவி 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரமானாலும் நிறுத்த வேண்டும். அங்கே எல்லாரும் ஒழுங்காக நடந்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் காட்டிக் கேட்க ஒரு எண் இருந்தது. பிறத்தி நாட்டில் கூலிக்குப் போன எனக்குக் கிடைத்தது சொந்த ஊரில் இல்லை.

விடிய ஐந்தரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு நிறுத்துவோம், மிச்சத்தை மூன்றுக்குப் பிறகு பார்ப்போம் என்று முதலாளியிடம் கேட்டேன். லொறி எட்டரைக்குத்தான் வரும் என்றார். பெடியன்களும் ஒத்துக்கொள்ளவில்லை, கூலி மூட்டைக் கணக்கு, சும்மா இருந்தால் காசு போய்விடும். ஆகவே ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்று எழுத்தில் வரவேண்டும், அதைத் தொழில் திணைக்களம்தான் செய்யலாம்.

உங்கள் நிருபர் ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தால் கொட்டகை வாசல்வரை நானே கூட்டிப்போகிறேன். வரும்போது மானி ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
திருகோணமலை