பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டிருந்தாயே

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. மக்காச்சோள அறுப்பும் அம்மாவின் கண் ஆபரேஷனும் ஒன்றாக வந்து சேர்ந்ததில் பதில் எழுத முடியவில்லை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார், உன்னை விசாரித்தார்.

"நம்ம பெரம்பலூர் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளும் இல்லை, படிப்பும் இல்லையாமே" என்று எழுதியிருந்தாய். அந்த வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். படிப்பு இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவன் என்று என்னையும் சேர்த்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் நாம் உட்கார்ந்த அதே வகுப்பறையில் போய் உட்காருகிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

நம் காலத்தில் இது திருச்சி மாவட்டம். பெரம்பலூர் தனியானது 1995இல், அரியலூரும் 2007இல் பிரிந்துபோக, மிச்சம் நான்கே ஒன்றியம். 2011 கணக்கெடுப்பில் 5,65,223 பேர்தான், தமிழ்நாட்டிலேயே குறைந்த மக்கள்தொகை அப்போது நம்முடையது. வீட்டுக்கு நான்கைந்து பிள்ளைகள் இருந்த காலமும் போய்விட்டது, 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் மாநிலச் சராசரியே ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைதான். அப்புறம் வகுப்பு எப்படி நிரம்பும்?

பிறக்கிற பிள்ளைகளும் முழுதாக வருவதில்லை. தனியார் பள்ளி வேன் மூன்றரை வயதிலேயே எல்கேஜிக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, அரசுத் தொடக்கப் பள்ளி ஐந்து வயதில்தான் கூப்பிடுகிறது. 2019இல் அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது, ஆனால் அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருப்பவை, நம்ம ஊர் மாதிரி ஐந்தாம் வகுப்போடு முடிகிற சின்னப் பள்ளிக்கு அது வரவில்லை. இரண்டு வருஷம் டை கட்டி வேனில் போன பிள்ளையை எந்தத் தாய் கீழே இறக்கிவிடுவாள்? அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்படியானால் இங்கே மிஞ்சுவது யார்? வேனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். சின்ன வெங்காயம் அரியவும் பருத்தி எடுக்கவும் விடியற்காலையில் கிளம்பும் அம்மாக்களின் பிள்ளைகள், பாட்டியோடு வளரும் குழந்தைகள். அண்ணனைத் தனியாருக்கு அனுப்பிவிட்டு தங்கையை மட்டும் இங்கே சேர்த்த வீடுகளும் உண்டு, அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நம் மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று அதே 2011 கணக்கு சொன்னது. அன்றைய அந்தப் பெண்களில் பலர்தான் இன்று இந்தப் பாட்டிகள், வீட்டுப்பாடத்தை யாரிடம் போய்க் கேட்பது?

படிப்பு இல்லை என்று சொல்பவர்கள் காட்டுகிற தேர்ச்சி சதவீதத்துக்கு இப்போது வா. மூன்றாம் வகுப்பில் ஆறே பேர் இருந்தால் ஒரு பிள்ளை தடுமாறினாலே தேர்ச்சி 17 சதவீதம் இறங்கிவிடும். போன வருஷம் நன்றாக இருந்த பள்ளி இந்த வருஷம் கெட்டுவிட்டது என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? நான் பார்ப்பது வேறு. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைப்படி பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். ஜூனில் 'ப'வுக்கும் 'ம'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் அரும்பில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் பொங்கலுக்கு முன் ஒரு பக்கக் கதையை விரல் வைத்து வாசித்து முடித்தான், எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் வயதுக்குரிய நிலைக்கு இன்னும் வரவில்லை, அதனால் கணக்கில் அவன் 'பின்தங்கியவன்'தான்.

குறைகளும் இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே டீச்சர், எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் பிள்ளைகளின் விவரங்களைப் போனில் பதிவதும் அவர் தலையில்தான். காலை உணவு வந்த பிறகு பசியோடு மயங்கி உட்காரும் பிள்ளையை நான் பார்க்கவில்லை. அது பெரிய ஆறுதல்.

இன்னொன்று, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்பதால், தெரிந்த இரண்டு வீட்டில் பிள்ளையை ஆறாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். ஒன்றாம் வகுப்புக்கு அப்படி ஒரு இழுப்பு எதுவும் இல்லை.

பள்ளிக்குப் பணம் அனுப்புவதாக எழுதியிருந்தாய். சுவருக்கு பெயின்ட் வேண்டாம், மலருக்கு வந்த பிள்ளைகள் இருக்கிற கதைப் புத்தகங்களை எல்லாம் இரண்டு முறை வாசித்துவிட்டார்கள், பெரிய எழுத்தில் நூறு புத்தகமாவது வேண்டும். பணமாக அனுப்பாதே, நீயே வாங்கி எடுத்துக்கொண்டு வா. பள்ளி திறப்பதற்கு முன் நானும் டீச்சரும் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போகிறோம், நீயும் கூட வந்தால் மேலத்தெருவில் உன் பேச்சைக் கேட்பார்கள். எந்தத் தேதியில் வருகிறாய் என்று எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்