நாவலடியில் சப்பாத்துத் தைத்துத் தந்த ஐயாவுக்கு

ஞாயிறு காலை, மட்டக்களப்பில் 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தால் நாவலடிப் பக்கம் நெடுந்தூர ஓட்டம். கடற்கரை மணலில் வலது சப்பாத்தின் அடி முன்பக்கமாகப் பிரிந்து தொங்கிவிட்டது. உப்புத் தண்ணியும் சூடும் பட்டால் எந்தப் பசைதான் நிற்கும்!

வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர், "கழட்டுங்க மனே, பாப்பம்" என்று வாங்கினார். ஆணியால் துளைபோட்டு, தங்கூசியை (மீன்பிடி நைலோன் நூலை) இரட்டையாகக் கோர்த்து, விளிம்பைச் சுற்றித் தைத்தார். முடிச்சு எல்லாம் வெளிப்பக்கம். அப்போதுதான் விரலில் உரசாதாம். சப்பாத்துக் கடைக்காரர்கூட இவ்வளவு யோசிப்பாரா தெரியாது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. பிளேன்டீ வேறு தந்தார். மிச்சத் தூரத்தையும் அந்தச் சப்பாத்தோடுதான் ஓடி முடித்தேன்.

மெத்தப் பெரிய உபகாரம் ஐயா, நன்றி. நாவலடி ஆட்கள் யாராவது இதை வாசித்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள். தையல் இன்னும் அசையவில்லை.