கைப்பிடி என்பது அளவல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவமழையில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்ததும் பிளீச்சிங் பவுடர் பொட்டலம் கைக்கு வந்துவிடுகிறது. எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எத்தனை கிராம் என்பது மட்டும் அதில் இருப்பதில்லை. "ஒரு கைப்பிடி போட்டுக் கழுவுங்க" என்பதோடு சரி. குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் கண் எரியும், இருமல் வரும், கைத்தோல் உரியும்.

கெடாத பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய 30 சதவீதம் குளோரின் இருக்கும். தரை, கதவுக் கைப்பிடி, சமையல் மேடை, கழிப்பறைக்கு 0.1 சதவீதக் கரைசல் போதும். அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 33 கிராம். மின்னணுத் தராசு உள்ள கடையில் ஒருமுறை நிறுத்து, அது உங்கள் வீட்டு ஸ்பூனில் தலைதட்டி எத்தனை வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால், பிறகு தராசு வேண்டாம். அந்த ஸ்பூன் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. வாளியிலும் ஏமாறுகிறோம். பத்து லிட்டர் என்று நினைப்பது பதினாறு பிடிக்கும். லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் மக்கில் முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு பவுடர். குச்சியால் கட்டியில்லாமல் குழைத்து, வாளித் தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்திருப்பதுதான் மருந்து. மண்டியோடு துடைப்பதால்தான் மொசைக் தரையில் வெள்ளைத் திட்டுகள் விழுகின்றன. அலுமினியம், இரும்புப் பாத்திரம் ஆகாது, அரித்துவிடும்.

சேற்றின் மேல் மருந்தை ஊற்றுவது வீண். குளோரின் முழுவதையும் சேறே தின்றுவிடும். முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, அதன்பின் மருந்து. 10 நிமிடம் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். பிறகு ஸ்டீல் சாமான்களையும் சமையல் மேடையையும் சுத்தமான தண்ணீரில் துடைத்துவிடுங்கள். வாந்தி, மலம், சாக்கடை நீர் பட்ட இடத்துக்கு ஐந்து மடங்கு வலு தேவை: லிட்டருக்கு 17 கிராம், ரப்பர் கையுறையோடு. கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் அதன் வலுவை நம்ப முடியாது.

பெரிய ஆபத்து கலவையில் இருக்கிறது. கழிப்பறையில் ஆசிட் ஊற்றித் தேய்த்த கையோடு, இன்னும் பளிச்சென்று ஆகட்டும் என்று பிளீச்சிங் கரைசலையும் ஊற்றுகிறார்கள். அந்த நொடியே குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய சின்னக் கழிப்பறையில் அது நுரையீரலைத் தாக்கும். வினிகர், எலுமிச்சைச் சாறும் அமிலம்தான். அமோனியா உள்ள கண்ணாடி கிளீனர், ஸ்பிரிட், பினாயில் எதுவும் இதோடு சேரக் கூடாது. தப்பித் தவறிக் கலந்துவிட்டால் கழுவிவிட முயலாமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.

மீதிப் பவுடரை இறுக மூடி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில், மண்ணெண்ணெய், சமையல் எண்ணெயிலிருந்து தள்ளி, குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். நெடியே இல்லாமல் கட்டிதட்டிப் போனது வெறும் சுண்ணாம்பு. கரைசலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதைப் போல மடத்தனம் வேறில்லை.

வேப்பிலை, மஞ்சள், உப்புத் தண்ணீரில் துடைப்பதில் தவறில்லை, வீடு மணக்கும். வெள்ளம் புகுந்த வீட்டுக்கு அதை நம்பி இருந்துவிட முடியாது. தெருவோரம் கோலம் போட்டதுபோல் பவுடரைத் தூவிச் செல்வதும் அப்படித்தான். காற்றில் பாதி பறந்து, நடப்பவர் மூக்கில் ஏறுகிறது.

உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். பவுடரை 33 கிராம் பொட்டலமாகவே கட்டி, தயாரித்த மாதத்தோடு, "10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்று, ஆசிட்டோடு சேர்க்காதே" என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
கடலூர்.