அடிக் கணக்கை நிமிடமாக்கும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மலரில் வந்த பழைய சினிமா கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தாதா சாகேப் ஃபால்கே 1913-இல் எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’ என்ற ஊமைப் படம் 3,700 அடி நீளம், ஓடும் நேரம் 40 நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். நீங்கள் மட்டுமல்ல, பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தியேட்டரில் 28 வருடம் ஆபரேட்டராக இருந்தவன் என்ற முறையில் அந்த 40 நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பேசும் படத்தில் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். அப்படியானால் விநாடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. 3,700-ஐ 90-ஆல் வகுத்தால் 41 நிமிடம். சரிதானே என்று தோன்றும். ஆனால் 24 என்பது ஒலி வந்த பிறகு வந்த விதி. பிலிம் ஓரத்தில் இருக்கும் ஒலிக்கோடு ஒரே சீராக ஓடினால்தான் குரல் குரலாகக் கேட்கும். ஊமைப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு 16 ஃபிரேம், சில சமயம் அதற்குச் சற்று மேலே. 16 என்று வைத்தால் நிமிடத்துக்கு 60 அடிதான். அதே 3,700 அடி ஒரு மணி நேரத்தைத் தாண்டும். 18 என்று வைத்தாலும் 55 நிமிடம் வரும். அந்தப் படங்களை 24-இல் ஓட்டிவிட்டு, அந்தக் காலத்து நடிகர்கள் குடுகுடுவென்று ஓடித்தான் நடித்தார்கள் என்று சிரிக்கிறோம். அவர்கள் நிதானமாகத்தான் நடந்தார்கள். நாம்தான் வேகமாக ஓட்டுகிறோம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டை 2 மணி 2 நிமிடம் என்று எழுதியது சரி. ஆனால் 16 ரீல் என்றால் மூன்று மணி நேரம் என்று எழுதியது சரியில்லை. ரீல் என்பது 1,000 அடி கொள்ளும் சுருள். அது நிறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. காட்சி எங்கே முடிகிறதோ அங்கே வெட்டுவார்கள். சென்சார் சான்றிதழில் ரீல் எண்ணிக்கையோடு மீட்டரும் போட்டிருப்பார்கள், அதைத்தான் பார்க்க வேண்டும். 16 ரீல், 4,200 மீட்டர் என்றால், நிமிடத்துக்கு 27.43 மீட்டர் (அதே 90 அடி) வீதம் 153 நிமிடம். ரீலை எண்ணிப் பார்ப்பவருக்கு 25 நிமிடம் கூடுதலாக வரும்.

இந்தக் கணக்கு எங்களுக்குச் சோறு. எங்கள் தியேட்டருக்கும் 4 கிலோமீட்டர் தள்ளியிருந்த பக்கத்து ஊர் கொட்டகைக்கும் சேர்த்து ஒரே படப்பெட்டிதான் வரும். இங்கே ஓடி முடிந்த சுருளைப் பையன் சைக்கிளில் அங்கே கொண்டுபோவான். இரண்டு ரீலை ஒட்டி 2,000 அடிச் சுருளாக ஓட்டுவோம், 22 நிமிடம். இங்கே 6.30-க்குத் தொடங்கினால் 6.52-க்கு முடியும். திருப்பிச் சுற்ற 3 நிமிடம். பையன் மணிக்கு 15 கிலோமீட்டர் மிதித்தால் 16 நிமிடத்தில், அதாவது 7.11-க்கு அங்கே போய்விடுவான். அங்கே காட்சி 7.15. போய்வர 32 நிமிடம் ஆகும், சுருளோ 22 நிமிடத்துக்கு ஒன்று முடியும். அதனால் ஒரு சைக்கிள் போதாது, இரண்டு வேண்டும். பிலிம் இயந்திரத்துக்குள் மணிக்கு 1.65 கிலோமீட்டர்தான் நகரும், நம் நடையில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டரை மணி நேரத்தில் அது கடக்கும் தூரமும் அந்தச் சாலையின் தூரமும் ஏறத்தாழ ஒன்று.

ஓர் ஆடி மாதம் எதிர்காற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 10 கிலோமீட்டர் வேகம்கூடக் கிடைக்காமல் பையன் 25 நிமிடம் திணறி மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே ஐந்து நிமிடமாக வெறும் திரையைப் பார்த்து விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் திட்டு வாங்கியது அவன். கணக்கைப் போட்டவன் நான் என்று அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து ஆடி முடியும்வரை அங்கே காட்சியை 7.25-க்கு மாற்றச் சொன்னேன், அவ்வளவுதான். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அதனால்தான் கேட்கிறேன். ஊமைப் படங்களைப் பற்றி எழுதும்போது அடியை அப்படியே போடுங்கள். நிமிடமும் போடுவதானால், விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்று வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஃபால்கே படத்துக்கு அடுத்த ஞாயிறே ஒரு வரித் திருத்தம் வந்தால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
மதுரை மாவட்டம்.