துக்கடா மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் திரைப்படப் பின்னணி இசை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் மனசு ஒப்பவில்லை. ஏற்கெனவே ஆல்பமாக வந்த இசையையே நீட்டி, பெட்டி போட்டு, 'முழுமையான பதிவு' என்று மறுபடி விற்பது ரசிகர்களின் பித்தைக் காசாக்கும் வேலை என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அப்படி ஒரு பெட்டியைப் பதினேழு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருப்பவள் என்பதால் இந்தக் கடிதம்.

டோல்கீனின் நாவலிலிருந்து எடுத்த மூன்று மாயக்கதைப் படங்களான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்கு ஹோவர்ட் ஷோர் அமைத்த இசையைச் சொல்கிறேன். முதல் படம் 2001 கடைசியில் வெளியானபோது அதன் ஆல்பம் ஒரே குறுந்தகடாக வந்தது. 71 நிமிடம். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் ஒரு தோழியிடம் இருந்த அந்தத் தகட்டைக் கேட்டுக் கேட்டே தேய்த்தோம். ஆனால் படத்தில் கேட்டது பலவும் அதில் இல்லை. அதற்காகப் படத்தையே ஓடவிட்டு டேப்பில் பதிவு செய்து பார்த்தேன். வாள் மோதும் சத்தமும் குதிரைக் குளம்பும்தான் விழுந்தன. இசை அடியில் எங்கோ முனகியது.

2005 டிசம்பரில் முதல் படத்தின் முழு இசையும் வந்தது. திரையரங்கில் ஓடியதைவிட நீளமான, பிறகு டிவிடியில் வந்த படத்துக்கு அமைத்த இசை அத்தனையும்: மூன்று தகடு, சுமார் மூன்று மணி நேரம். இரண்டாவது படத்துக்கு 2006-லும் மூன்றாவதற்கு 2007-லும் வந்தன. மொத்தம் பத்துத் தகடுகள், கிட்டத்தட்ட பத்து மணி நேரம். சிவப்பு, நீலம், பச்சை என்று படத்துக்கு ஒரு நிறம். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது முதலில் சிவப்புப் பெட்டியைத்தான் கொண்டுவந்தான். பத்து மணி நேரம் யார் கேட்பார்கள் என்று அப்பா கேட்டார். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை.

இப்போது சொல்கிறேன். கச்சேரிக்குப் போகிறோம். கடைசி அரை மணி நேரத்துக்கு உள்ளே நுழைந்து துக்கடாக்களை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாட்டு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைய ராகம் எங்கே தொடங்கி எப்படி வளர்ந்தது என்று தெரியாது. 71 நிமிட ஆல்பம் அப்படித்தான். அதில் இருப்பவை உச்சங்கள். அந்த உச்சத்துக்கு ஏறிப்போன படிகள் முழுப் பதிவில்தான் இருக்கின்றன.

முதல் படத்தில், தீய மோதிரம் ஒன்றை அழிக்கப் புறப்படும் ஒன்பது பேர் கூட்டணிக்கென்று ஒரு மெட்டு உண்டு. எல்லோருக்கும் தெரிந்த மெட்டுதான். அதை முழு வீச்சில் கேட்பது ரிவெண்டெல் என்ற இடத்தில் கூடும் சபையில், ஒன்பது பேரும் சேர்ந்து நிற்கும்போது. முழுப் பதிவை வரிசையாகக் கேட்டால், அதற்கு வெகு முன்பே அந்த ஒன்பது பேரில் இருவரான ஃப்ரோடோவும் சாமும் வீட்டை விட்டு வயல்வெளியில் நடக்கும்போதே அந்த மெட்டு ஒரு துண்டாக, தயங்கித் தயங்கி எட்டிப் பார்ப்பது கேட்கும். அப்புறம் ஆள் சேரச் சேர மெட்டும் சேர்கிறது. மோரியாச் சுரங்கத்தில் ஓடும்போது கம்பீரமாக நிமிர்கிறது. கூட்டணியில் ஒருவரான மந்திரவாதி காண்டால்ஃப் அங்கே பாலத்திலிருந்து விழுந்த பிறகு உடைந்துவிடுகிறது. அந்தப் படத்தில் பழைய முழுமை பிறகு வருவதில்லை. படம் பார்க்கும்போது இதையெல்லாம் நான் கவனிக்கவே இல்லை. தகட்டில் கேட்டபோதுதான் ஒரு மெட்டு பிறந்து வளர்ந்து சிதைவதை முதல்முறையாக உணர்ந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. மூன்றாவது படத்தில் காண்டால்ஃப் வெள்ளை நகரத்தின் வீதிகளில் குதிரையில் ஏறிப்போவாரே, அங்கே வெடித்துக் கிளம்பும் கோண்டோர் நாட்டு மெட்டு, முதல் படத்திலேயே வந்துவிட்டது. சபையில் போரோமிர் என்ற வீரன் தன் நாடான அந்தக் கோண்டோரைப் பற்றிப் பேசும்போது ஒற்றைக் கொம்பு வாத்தியத்தில், மெதுவாக. ஷோர் அந்த விதையைப் போட்டுவிட்டு இரண்டு படங்கள் காத்திருந்திருக்கிறார். இப்படி எண்பதுக்கு மேற்பட்ட மெட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. துண்டு துண்டாகக் கேட்டால் இந்தப் பின்னல் எப்படித் தெரியும்?

வாத்தியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதையில் வரும் ரோஹன் நாட்டுக்கு நார்வே நாட்டு ஹார்டாங்கர் பிடிலைப் பயன்படுத்தியிருக்கிறார். அதில் வில் படும் கம்பிகளுக்கு அடியில் வேறு கம்பிகள் உண்டு. மேலே வாசிக்க வாசிக்க அவை தானாக அதிரும். நம் நாட்டுச் சாரங்கியிலும் அதே ஏற்பாடுதான். அந்தச் சாரங்கியும் இந்தப் படங்களில் இருக்கிறது, லோத்லோரியன் காட்டுக்கான இசையில்! முதலில் கேட்டபோது என் காதையே நான் நம்பவில்லை. எதிரிகளின் கோட்டையான ஐசன்கார்டின் இசை இரும்பை இரும்பால் அடிக்கும் ஓசையோடு ஐந்து எண்ணிக்கையில் ஓடும். மிருதங்கம் கற்றுக்கொள்ளும் என் மகள் அதைக் கேட்டுத் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது கண்டம்" என்றாள். தாளத்தில் கண்டம் என்றால் ஐந்துதான்.

மோரியாவின் ஆண் குரல்கள் நியூசிலாந்தின் வெலிங்டனில் மாவோரி, சமோவா பாடகர்களைக் கொண்டு பதிவானவை. மீதியில் பெரும்பகுதி லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. குழுப்பாடகர்கள் பாடுவது வெறும் ஆ, ஓ இல்லை. படத்தின் கதாசிரியர்களில் ஒருவரான ஃபிலிப்பா போயன்ஸ் முதலானோர் எழுதிய வரிகளை மொழியியலாளர் டேவிட் சாலோ, டோல்கீன் உருவாக்கிய மொழிகளில் பெயர்த்துக் கொடுத்திருக்கிறார். லோத்லோரியனில் எலிசபெத் ஃப்ரேசர் பாடும் ஒப்பாரி காண்டால்ஃபுக்கானது. படத்தில் அதன் பொருளைச் சொல்ல, கூட்டணியில் இன்னொருவனான லெகோலஸுக்கு மனம் வராது. துக்கம் இன்னும் ஆறவில்லை என்று விலகிவிடுவான். இறந்தவர் வீட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு அந்த இடம் சட்டென்று புரியும்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுத் தந்தவர் டக் ஆடம்ஸ் என்பவர். இந்த மூன்று பெட்டிகளுக்கும் குறிப்புகள் எழுதியவர். ஷோரின் இசைப்பிரதிகளோடு வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு மெட்டுக்கும் பெயர் கொடுத்து, எங்கே வருகிறது, எப்படி மாறுகிறது என்று சாதாரண ஆளுக்கும் புரிகிற மாதிரி விளக்கியிருக்கிறார். 2010-ல் அது தனிப் புத்தகமாகவும் வந்தது, படத்தில் இடம்பெறாமல் போன மாற்று வடிவங்கள் அடங்கிய ஒரு தகட்டோடு. பித்தைக் காசாக்க நினைப்பவர்கள் இவ்வளவு உழைப்பைப் போடுவார்களா?

எல்லா நிமிடமும் பொன் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது படத்தின் நடுவே, திரையில் ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கும் காட்சிகளுக்கு அடியில் நீளும் மெல்லிய இசை, தனியாகக் கேட்கும்போது தொய்கிறது. பழைய ஒற்றைத் தகட்டை நான் தூக்கிப் போடவும் இல்லை. அதன் தொடக்கத்தில் வரும் முன்கதை இசை படத்தில் இருப்பதிலிருந்து வேறுபட்டது, அதற்காகவே வைத்திருக்கிறேன். காலையில் சமைக்கும்போது அந்தத் தகடு, பரீட்சைத் தாள் திருத்தும் இரவுகளில் பெட்டி. இரண்டும் வேண்டும்.

விலை அதிகம் என்பது உண்மை. இடையில் இந்தப் பெட்டிகள் கடைகளில் கிடைக்காமல் போய், பழைய பிரதிகளுக்கு ரசிகர்கள் அலைந்தார்கள். 2018-ல் மறுபடி வெளியிட்டார்கள், இசைத்தட்டு வடிவிலும். அந்தச் செய்தி வந்த அன்று அண்ணனுக்குத்தான் முதலில் போன் செய்தேன். நாங்கள் வாங்கியாகிவிட்டது, ஆனாலும் இனி யாரும் ஏங்க வேண்டாம் என்ற மகிழ்ச்சி.

நம் ஊரில் படம் வந்தால் பாடல்கள் ஆல்பமாகின்றன. பின்னணி இசை பெரும்பாலும் படத்தோடு நின்றுவிடுகிறது. முழுதாக வெளியிடும் வழக்கத்தை வீண் என்று எழுதுவதற்குப் பதிலாக, இங்கேயும் அப்படி வர வேண்டும் என்று தங்கள் இதழ் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கட்டுரையாளர் எப்போதாவது திருச்சிப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வரட்டும். சிவப்புப் பெட்டியின் மூன்றாவது தகட்டை, அந்த ஒப்பாரி இருக்கும் தகட்டை, போட்டு வைக்கிறேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, தெருவில் சத்தம் அடங்கியதும் கேட்கலாம்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியை,
திருச்சி