தோவாளை பூச்சந்தையில் அம்மாவுக்கு உதவிய அக்காவுக்கு

அக்கா, நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை தோவாளை சந்தையில் பிச்சிப்பூ வாங்க வந்தீர்கள் என்று மட்டும் அம்மா சொன்னார்.

ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் அம்மாவிடம் பூமாலைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறான். அட்வான்ஸ் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடச் சொன்னான். ஸ்பீக்கரில் கேட்ட நீங்கள் சட்டென்று போன் திரையைக் கையால் மறைத்துவிட்டீர்கள். "பின் போடாதீங்க அம்மா. பணம் வர்றதுக்கு பின் நம்பர் தேவையே இல்ல, நம்ம பணம் போறதுக்குத்தான் அது."

அதோடு நீங்கள் போயிருக்கலாம். ஆனால் பஸ்ஸை விட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தீர்களாம். பத்து ரூபாயை உங்கள் போனிலிருந்து அம்மாவுக்கு அனுப்பி, பின் நம்பர் கேட்காமலே பணம் வந்து சேர்வதைக் கண்ணெதிரே காட்டினீர்கள். சொல்லிப் புரியாததைச் செய்து புரியவைத்தீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அப்புறம் பூ கட்டும் பலகையில் பேனாவால் 1930 என்று சைபர் குற்ற உதவி எண்ணை எழுதினீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் அந்த எண்ணுக்கு அழைக்கணும், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்க வழியுண்டு என்றீர்கள்.

இப்போது பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் அம்மா இதைச் சொல்லிக்கொடுக்கிறார். "நல்லா இருக்கட்டும் அந்த மக்கா" என்று வாய் ஓயாமல் வாழ்த்துகிறார்.

ரொம்ப நன்றி அக்கா. அடுத்த தடவை வரும்போது உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.